வந்தவங்களுக்குத்தான் வரும்

இருபது பிள்ளைகளும் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கிய பிறகுதான், பையை அங்கே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டாமே என்று செண்பகவடிவுக்குத் தோன்றியது. மறந்து வைத்துவிட்டு வந்தாள் என்று சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்கு, அறைக் கண்காணிப்புக்கு வந்த ஆசிரியர்கள் எல்லோரும் செல்போனையும் கைப்பையையும் ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று தேர்வு மையத்துக்குப் பொறுப்பான அருளப்பன் சார் சொன்னபோது, அவள் பையைத் திறந்து, சீப்புக்கும் பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவே கிடந்த நீல நிற இன்ஹேலரை விரலால் தொட்டாள். தொட்டுவிட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அதை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால், மருந்துதானே டீச்சர், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்க வேண்டும். கேட்டால் என்ன ஏது என்பார்கள். எத்தனை வருஷமாக என்பார்கள். பக்கத்தில் நிற்கிற டீச்சர் தன் சித்தி பிள்ளைக்கு உயிர்மீன் விழுங்கக் கொடுத்து இளைப்பு சரியானதைச் சொல்லத் தொடங்குவாள். இது அவளுடைய பள்ளிக்கூடம் இல்லை. பிளஸ் டூ பரீட்சைக்காக சங்கரன்கோயிலிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் தள்ளி இந்த ஊருக்குப் போட்டிருக்கிறார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு தடவை இருமினால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுபோகும்; யாராவது எழுந்து மின்விசிறியைக் குறைப்பார்கள்; யாராவது கூட்டிட்டு வா என்று ஒரு பிள்ளையை அனுப்புவார்கள், யாரை என்றுகூடச் சொல்லாமல். இங்கே அவள் நாற்பத்தாறு வயதில் நல்ல பருத்திச் சேலை கட்டி வந்திருக்கிற, புவியியல் நடத்துகிற ஒரு டீச்சர். அவ்வளவுதான். அப்படி இருந்து எத்தனை நாளாயிற்று. இன்றைக்கு இருபத்துமூன்றாவது நாள், அந்த நீலத்தை வாயில் வைத்து. இருபத்துமூன்று நாள் வராதது மூன்று மணி நேரத்தில் வந்துவிடுமா. வராது. வராது என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதே ஒரு மாதிரியாக இருந்தது. சுகமாக இருக்கிறவர்கள் வராது என்று சொல்லிக்கொள்வதில்லை. முதல் வரிசையில் கண்ணாடி போட்ட பிள்ளை ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பரீட்சை பத்தேகால் மணிக்கு ஆரம்பித்தது, ஒன்றேகால் வரை போகும். சுவரெல்லாம் பரீட்சைக்காகப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் கைபட்டால் ஒட்டிக்கொள்ளும் சுண்ணாம்பு. அவள் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நடந்தாள், வரிசைக்கு வரிசை, போய்த் திரும்பி. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலுக்கு வெளியே புகை வாசம் வந்தது. துப்புரவு வேலை பார்க்கிற மாடத்தி, காலையில் பிள்ளைகளுக்கு மண்பானையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள், மைதானத்தின் ஓரத்தில் வேப்பஞ்சருகைக் குவித்துத் தீ வைத்திருந்தாள். மாசி பங்குனியில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறதுதான். புகை எழும்பாமல் தரையோடு தவழ்ந்து கட்டடத்தின் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தலாமா என்று பார்த்தாள். சாத்தினால் பிள்ளைகளுக்கு வெக்கை. கரண்ட் வேறு காலையிலிருந்து போய்ப் போய் வருகிறது. புகை பழகிப்போகும் என்று ஜன்னல் பக்கத்து வரிசையை விட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். தொண்டைக்குழியில், சரியாக எந்த இடம் என்று சொல்ல முடியாத ஒரு இடத்தில், ஒரு மயிரிழை கிடப்பதுபோல் இருந்தது. எச்சிலை விழுங்கினாள். இழை அங்கேயே இருந்தது. இது புகையால் வந்தது. புகையால் வந்தது என்றால் புகை போனால் போய்விடும். மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்தாள், கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பின் பெஞ்சில் யாரோ பேப்பரைத் திருப்பினார்கள். மறுபடி இழுத்தாள். நெஞ்சின் அடியில் எங்கோ, ஊருக்கு வெளியே தண்டவாளத்தில் ரயில் வரும்போது கேட்கிறதா இல்லையா என்று நிற்பார்களே, அந்தமாதிரி. கேட்டது. கேட்கவில்லை. அது அவளுடையதாக இல்லாமலும் இருக்கலாம். இருபது பிள்ளைகள் மூச்சுவிடுகிற அறை.

முதல் தடவையும் அப்படித்தான் நினைத்தாள், வேறு யாருடையதோ என்று. பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கும்போது, விடுதியில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பஞ்சு மெத்தைகளை மொட்டை மாடியில் போட்டு அடித்தார்கள். பூனை கத்துகிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள். எங்கடி பூனை என்று மற்றவர்கள் தேடினார்கள். அப்புறம் அவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்கள். அந்த முகங்கள் நன்றாக நினைவிருக்கின்றன, தன்னுடைய மூச்சுதான் நினைவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், சின்னச் சின்னதாக வந்து போனது, மாத்திரைக்கு அடங்கியது. இரண்டாவது தடவைதான், நான்கு வருஷத்துக்கு முன்னால், திருநெல்வேலியில் டியூப் போட்டது. ஆறு நாள். கண்ணைத் திறந்தபோது இரண்டு கைகளையும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள், டியூபைப் பிடுங்கிவிடக்கூடாது என்று. இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. அது விடுகிற நேரமும் அவள் விட நினைக்கிற நேரமும் ஒன்றாக இல்லை. அதைத்தான் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. சாகப்போகிறோம் என்ற பயத்தைச் சொன்னால் புரியும். தன் மூச்சை இன்னொன்று விடும்போது தான் எங்கே போவது என்று தெரியாமல் நின்றதை எப்படிச் சொல்வது. மூன்றாவது, போன ஐப்பசியில். சாதாரண ஜலதோஷம். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. கிளம்புகிற அன்று டாக்டர் எஸ்தரிடம் அவள் கேட்டாள், எல்லோரும் கேட்கிறதுதான், இனிமேல் வராதில்லையா என்று. டாக்டர் எஸ்தர் மற்றவர்களைப்போல ஆறுதலுக்குப் பேசுகிறவள் இல்லை. கையில் இருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “மறுபடி வருமான்னு தெரிஞ்சுக்க நான் எக்ஸ்ரே பாக்கவேண்டாம் டீச்சர், ரத்தம் பாக்கவேண்டாம். இதுக்கு முன்னாடி வந்திருக்கான்னு பாத்தாப் போதும். வந்தவங்களுக்குத்தான் வரும். டியூப் வரைக்கும் போனவங்க பேரை நாங்க தனியாவே வச்சிருக்கோம்.” அதற்குப் பிறகும் டாக்டர் பேசினாள். தினமும் இரண்டு வேளை இழுக்கவேண்டிய தடுப்பு மருந்து, அதை விடாமல் எடுத்தால் எவ்வளவோ குறைக்கலாம், லேசாக ஆரம்பிக்கும்போதே நீலத்தை எடுக்க வேண்டும், காத்திருக்கக்கூடாது, முக்கியமாகக் காத்திருக்கக்கூடாது. அதெல்லாம் காதில் விழுந்தது. ஆனால் மனசு அந்த முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வந்தவங்களுக்குத்தான் வரும். அப்படியென்றால் அந்த விடுதி மாடியில், அந்த மெத்தைத் தூசியில், அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டதா. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், கல்யாணம், வேலை, கோமதி பிறந்தது, எல்லாம் இரண்டு தடவைகளுக்கு நடுவில் நடந்ததுதானா. ஒவ்வொரு தடவையும் பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்தபோது முடிந்தது என்று நினைத்தாளே. முடியவில்லை. ஒவ்வொன்றும் போகிறபோது அடுத்ததற்கு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

பதினொன்று இருபது. இழை இப்போது நூலாகியிருந்தது. ஆனால் அதே மூன்றை வைத்து வேறொன்றும் சொல்லலாமே என்று அவள் மனசு, கெட்டிக்கார மனசு, பேச ஆரம்பித்தது. மூன்று தடவை வந்தது என்றால் மூன்று தடவை போயிருக்கிறது. போன பொங்கலுக்கு முந்தின வாரம்கூட இப்படித்தான் நெஞ்சு பிடித்தது. படுத்து எழுந்தாள், போய்விட்டது. உடம்புக்குத் திரும்பி வரத் தெரியும். தை மாதக் கடைசியில் தடுப்பு மருந்தை நிறுத்தியபோதும் இதைத்தான் நினைத்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். அதை இழுக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாக நீ நோயாளி என்று சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஒரு மாதம் சொல்லாமல் இருந்து பார்ப்போமே. இருந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பேச்சியம்மாளும் இப்படித்தான் சொன்னாள். இல்லை, அவளை இப்போது நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் வராமல் இருக்கிறவளா அவள். ஐப்பசியில் பக்கத்துக் கட்டில். கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றுகிறவள், ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, வாய் ஓயாது. நர்ஸுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நெபுலைசர் மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொண்டு, புகை வருகிறதா என்று தட்டிப் பார்த்து, இந்த மிஷின் போன மட்டம் வந்தப்ப நல்லா ஓடிச்சு என்று குறை சொல்லுவாள். செண்பகவடிவு பயந்துபோய்க் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நாலு மட்டம் வந்து நாலு மட்டமும் பொழச்சுப் போயிருக்கேன் டீச்சர். எனக்கு இது வழி பழக்கம். நீங்க ஏன் அழுதிய?” அந்தக் கை சூடாக, புகையிலை வாசமாக இருந்தது. அந்த ஐந்து நாளும் செண்பகவடிவு டாக்டரை நம்பியதைவிட அவளைத்தான் நம்பினாள். கார்த்திகையில் மறுபடி காட்டப் போனபோது, பேச்சியம்மாள் எப்படி இருக்கிறாள் என்று நர்ஸிடம் விசாரித்தாள். நர்ஸ் ஃபைலைத் தேடிக்கொண்டே, அந்தம்மா போயிட்டாங்களே என்றாள். வீட்டுக்கா என்று கேட்டுவிட்டாள் இவள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. வீட்டிலேயே, பட்டப்பகலில், பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்திருக்கிறது. மகன் ஆட்டோ பிடிக்கிறேன் என்றிருக்கிறான். வேண்டாம்டா, எனக்குத் தெரியும், இது செத்த நேரத்தில் போயிரும் என்றாளாம். நான்கு தடவை பிழைத்தது அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.

நடந்துகொண்டே இருந்தால் தெரியாது என்று நடந்தாள். நடந்தால் அதிகமாகிறது என்று நின்றாள். நின்றால் தோள்கள் தானாக மேலே ஏறுவது தெரிந்தது, இறக்கிவிட்டாள், மறுபடி ஏறின. இந்நேரம் கோமதி வீட்டில் படித்துக்கொண்டிருப்பாள். பத்தாம் வகுப்பு, அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை ஆரம்பம். டியூப் போட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. கூடத்தில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள்தான் பார்த்தாள், அவள்தான் அப்பாவுக்குப் போன் போட்டாள். அன்றைக்கு டாக்டர் அவளிடமும் ஒரு வேலை சொல்லிவிட்டார்: அம்மா ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்லுகிறாளா என்று பார்த்துக்கொள், நிறுத்தினால் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடு. சொன்னவருக்கு அது விளையாட்டு மாதிரி. பிள்ளை பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று, சொல்லும்மா என்பாள். எதிர்வீட்டுப் பூனை எங்க வீட்டு மாடியில மூணு குட்டி போட்டிருக்கு, மூணும் கறுப்பு. அதுதான் வாக்கியம். பூனை எல்லாம் எப்போதோ போய்விட்டது. செண்பகவடிவு தோசையைத் திருப்பிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லுவாள். கோமதி சரி என்று போவாள். இன்று காலையிலும் சொன்னாள். நன்றாகச் சொன்னாள். அவள் புருஷன் ஆவுடையப்பன் அதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படிப்பான், கேட்காத மாதிரி. அவன் மின்வாரியத்தில் லைன்மேன், பேசுவது குறைவு. அவன் பங்குக்கு ஒரு ஆஸ்பத்திரிப் பை. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற நீளமான பை, அதில் துண்டு, நைட்டி இரண்டு, பிளாஸ்டிக் டம்ளர், ஆஸ்பத்திரி ஃபைல், சார்ஜர். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஒரு நாள் அதைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துத் துவைக்கப் போட்டாள், ஃபைலை அலமாரியில் வைத்தாள், பையை மடித்துப் பரணில் எறிந்தாள். அவன் வந்து ஆணியைப் பார்த்தான். துணி காய்ந்ததும் மடித்து, பரணிலிருந்து பையை எடுத்து, அடுக்கி, அதே ஆணியில் மாட்டினான். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அவன் அவ்வளவு பொறுமையாக அடுக்கியதைப் பார்த்தபோது, இவன் அடுத்ததற்காகக் காத்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. தப்பு. அவன் பயந்துபோயிருக்கிறான். எல்லோரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். தன் ஒருத்தியின் மூச்சைச் சுற்றி ஒரு வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு நாள், அந்தக் காதுகள் இல்லாத இடத்தில் இருக்கலாம் என்றுதான் ஜிப்பை மூடினாளோ. மூடும்போது என்ன நினைத்தாள் என்று இப்போது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். விரலில் அந்த பிளாஸ்டிக்கின் வழவழப்பு மட்டும்தான் இருந்தது.

பன்னிரண்டேகாலுக்கு மணி அடித்தது. ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று கண்காணிப்பாளர் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரமாக அவள் வாயைத் திறக்கவில்லை, திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. கூடுதல் தாள் கேட்டவர்களுக்குத் தலையசைத்துக் கொடுத்தாள். அமைதியான அறையில் எல்லாமே சரியாக இருப்பதுபோல் தோன்றியது. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: “இன்னும் ஒரு மணி,” அங்கேயே நின்றுபோனது. அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. உள்ளே இழுத்தாள். “நேரம்,” மறுபடி இழுத்தாள். “இருக்கு.” பிள்ளைகள் யாரும் நிமிரவில்லை, அவர்களுக்குக் கேட்கவேண்டியது கேட்டுவிட்டது. கண்ணாடி போட்ட பிள்ளை மட்டும் ஒரு நொடி பார்த்துவிட்டுக் குனிந்தது. மூன்று துண்டு. ஐந்து வார்த்தை, மூன்று துண்டு. கோமதி இங்கே இருந்திருந்தால் இந்நேரம் செருப்பை மாட்டியிருப்பாள். இப்போது வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். இப்போதே. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கால்கள்தான் மேசையை விட்டு நகரவில்லை. கூப்பிட்டால் அருளப்பன் சார் வருவார். வீட்டு நம்பர் கேட்பார். ஆவுடையப்பன் எங்கேயோ ஒரு கம்பத்தின் மேல் இருப்பான். கோமதி எடுப்பாள். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை எடுக்கும். இன்னும் அரைமணி நேரம் பார்க்கலாம், அதற்குள் குறைந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். குறையும். போன தடவையும் குறைந்தது. எந்தப் போன தடவை. பொங்கலுக்கு முன்னால். ஐப்பசியில் குறையவில்லையே. நான்கு வருஷத்துக்கு முன்னால் குறையவில்லையே. மனசு பொங்கலையே பிடித்துக்கொண்டு நின்றது, வேறொன்றையும் தொடவிடவில்லை. செத்த நேரத்தில் போயிரும். அது யார் சொன்னது. தன் குரலில் கேட்டதா பேச்சியம்மாள் குரலில் கேட்டதா. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. காற்று உள்ளே போகிறது, வெளியேதான் வரமாட்டேன் என்கிறது; ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் மேலும் மேலும் திணிக்கிற மாதிரி. யாருக்கும் இது தெரியாது. மூச்சு கிடைக்கவில்லை என்று நினைப்பார்கள். மூச்சு விட முடியவில்லை என்பதுதான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். எத்தனை தெரிந்து வைத்திருக்கிறாள். தெரிந்தவள்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதினைந்து நிமிஷம், முழுசாக.

நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த பூனைச் சத்தம் நின்றபோதுதான் அவள் உண்மையிலேயே பயந்தாள். குறைந்துவிட்டது என்று ஒரு நொடி மனசு துள்ளியது. அடுத்த நொடி அது என்ன என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் வருவதற்குக் கூடக் காற்று ஓடவில்லை. வாசல் வரை நாலடி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு கையெல்லாம் ஒட்டியது. வராந்தாவில் மாடத்தி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பை, என்றாள் செண்பகவடிவு. அதற்கு மேல் வரவில்லை. மாடத்தி தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து டம்ளரை நீட்டினாள். செண்பகவடிவு தலையை ஆட்டி, இரண்டு விரலை வாய்க்கு நேரே வைத்து அமுக்கிக் காட்டினாள். மாடத்தி அவள் கழுத்துக்குழியைப் பார்த்தாள். “இளைப்பா டீச்சர்? எங்க மைனிக்கும் இப்படித்தான் வரும்” என்றபடி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். அந்த வயசுக்கு அப்படி ஓடுவாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பீரோ பூட்டியிருந்தது. சாவி அருளப்பன் சாரிடம். அவர் மாடியில் கடைசி அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாடத்தி மாடிக்கு ஓடியதும், அவர் இறங்கி வந்ததும், எந்தப் பை எந்தப் பை என்று அங்கே தேடியதும் செண்பகவடிவுக்குத் தெரியாது. அவள் வராந்தா தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, குனிந்திருந்தாள். அறைக்குள் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள். எழுதுங்க, எழுதுங்க என்று கையைப் பின்னால் ஆட்டினாள், உங்கள் நேரம் போகிறது என்று. அந்தப் பிள்ளைகளின் நேரத்தைத் தவிர வேறெதையும் அப்போது அவளால் நினைக்க முடியவில்லை. மருந்து வந்தது. அமுக்கினாள். அது நாக்கில் கசந்தது, உள்ளே போகவில்லை. மறுபடி. மறுபடி. அருளப்பன் சார் அவள் முதுகுப் பக்கம் குனிந்து, “முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற மாதிரிச் சொன்னார். மாடத்தி அவள் தலையைத் தன் மடியோடு சேர்த்து வைத்து, சேலைத் தலைப்பால் விசிறினாள். அந்தச் சேலையில் வேப்பஞ்சருகுப் புகை வாசம் அடித்தது. தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, யார் தூக்கினார்கள், அது பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில் இருந்தது. முதலில் கைகளை அசைத்துப் பார்த்தாள். கட்டியிருக்கவில்லை. வாயில் டியூப் இல்லை, மாஸ்க்தான், ஈரப் புகை குளிர்ச்சியாக முகத்தில் படிந்துகொண்டிருந்தது. மூச்சு வந்தது, போனது. அவளே விட்டாள். பிழைத்துவிட்டாள். அந்த நினைப்பு வருகிறபோதே, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்ததும் வந்தது: மூன்று நான்காகிவிட்டது. சந்தோஷப்பட்டுக்கொள்ள நடுவில் ஒரு மூச்சுக்கூட இடம் இருக்கவில்லை. கால்மாட்டில் ஆவுடையப்பன் நின்று ஒரு சின்ன வயது டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் கேட்கக் கேட்க, தேதி, ஊர், எத்தனை நாள், எது எது கொடுத்தார்கள் என்று, ஃபைலைத் திறக்காமலே சொன்னான். தடுப்பு மருந்து ஒழுங்காக எடுக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள் விடாமல் எடுக்கிறா சார், நானே பாத்திருக்கேன் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லவேண்டும். மாஸ்க்கை எடுத்ததும் சொல்லிவிட வேண்டும், தான் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றதை. சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாள். திட்டமாட்டான். நாளையிலிருந்து குளியலறை வாசலிலும் வந்து நிற்பான், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் ஐந்தாவது வரும். சொன்னாலும் வரலாம். கண்ணைத் திறந்து கோமதியைத் தேடினாள். அழுதுகொண்டிருப்பாள், வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். கோமதி தலைமாட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இல்லை. மடியில் சமூக அறிவியல் புத்தகம் விரிந்திருந்தது, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் பிஸ்கட், பென்சில் டப்பா, அடியில் கணக்கு நோட்டும் அறிவியல் புத்தகமும். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை அவள் யோசித்து எடுத்து வந்திருந்தாள். செண்பகவடிவு மாஸ்க்குக்குள் உதட்டை அசைத்தாள். கோமதி நிமிராமலே, ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே, “பேசாதம்மா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பேசக்கூடாது” என்றாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், மருந்துப் புகை இன்னும் எவ்வளவு நேரம் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, பக்கத்தைத் திருப்பி, உதட்டை மட்டும் அசைத்து, அடுத்த கேள்விக்கான பதிலை மனப்பாடம் பண்ணத் தொடங்கினாள்.